ஐயா ஒளித்துவைத்த சொல்

ஜனவரி 18

இன்று மதுரையில் வேலைக்குச் சேர்ந்தேன். அகராதியில் இருக்கும் ஒரு பொய்ச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேலை.

நியமனக் கடிதம் எதுவும் இல்லை. பதிப்பகத்தின் உரிமையாளர் லோகநாயகி அம்மாள் வாயால் சொன்னதுதான். "சொல்லு கெடைக்கிற வரைக்கும் வேலை. கெடச்ச அன்னைக்கு நீ ஊருக்குப் போயிரலாம்."

தலையாட்டினேன். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இப்படி ஒரு வேலை உண்டு என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். லோகநாயகி அம்மாளின் கணவர் சிவசிதம்பரம் நாற்பது வருடம் உழைத்து 'அருஞ்சொல் அகராதி' என்று ஒன்றை எழுதினார். வழக்கொழிந்த சொற்கள், வட்டாரச் சொற்கள், பிறமொழியிலிருந்து வந்த சொற்கள், அவற்றின் பொருள், பிறந்த இடம் எல்லாம் அதில் உண்டு. இங்கே எல்லோருக்கும் அவர் 'ஐயா'. இப்போது சென்னையில் ஒரு பதிப்பகம் அதேபோல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பார்த்து எழுதிவிட்டார்கள் என்று நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறோம். (நாங்கள் என்று எழுதிவிட்டேன். சேர்ந்து ஒரு நாள்தான் ஆகிறது.) சொற்கள் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

ஐயா இதை எதிர்பார்த்திருந்தார். அகராதி போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். தாங்களே உண்டாக்கிய ஒரு சொல்லை உண்மையான சொற்களுக்கு நடுவே நட்டு வைப்பார்கள். திருடுகிறவன் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான். மாட்டிக்கொள்வான். ஐயாவும் ஒன்றை நட்டார். நட்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். எது என்று மட்டும் சொல்லவில்லை. கசிந்துவிடும் என்று பயம். போன வருடம் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

மார்ச் இருபதுக்குள் அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

விடுதியில் குளிக்க வாளி கிடைக்கவில்லை. நாளை புது வாளி வாங்க வேண்டும்.

ஜனவரி 19

அலுவலகம் என்பது அவர்கள் வீட்டின் முன்னறை. பின்னால் சமையலறை. மாடியில் கணினியும் ராசையா அண்ணனும். பக்கம் அமைப்பது அவர் வேலை.

மனதுக்குள் வாசிக்கத் தொடங்கினேன். லோகநாயகி அம்மாள் அவரைக்காயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்னத்தா, வாய மூடிக்கிட்டு வாசிக்கிற? சத்தமா வாசி. எனக்குக் கண்ணுல புரை. நான் கேட்டாத்தான அது மெய்யா பொய்யான்னு சொல்ல முடியும்?"

சத்தமாக வாசித்தேன்.

"கொசு இதவிட நல்லாப் பாடும்," என்றார்.

ஜனவரி 23

அ முடிந்தது. அலமாரி போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். அளறு என்றால் சேறு, நரகம் என்றும் பொருள். விடுதியின் பின்பக்கத்துக்கு இரண்டும் பொருந்தும்.

சிக்கல் என்னவென்றால் எல்லாச் சொல்லும் பொய்போலத்தான் இருக்கிறது. ஆகுளி என்று ஒரு சிறு பறை உண்டு என்பதை ராசையா அண்ணன் நம்ப மறுக்கிறார்.

"தங்கச்சி, இதான் அந்தச் சொல்லு. பந்தயம் ஒரு பிரியாணி."

"பழைய பாட்டுல இருக்குண்ணே."

"என்ன சொன்ன? கேக்கல."

துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். பேசுவதைவிட அது எனக்கு எளிது. பிரியாணியைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

ஜனவரி 24

அம்மா போன் செய்தாள். ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு பையனின் வீட்டார் என் போட்டோவைக் கேட்டார்களாம்.

"கொடுத்துட்டியா?"

"கொடுக்காம? உன் வேல முடிஞ்சதும் பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டேன். எப்ப முடியும்த்தா?"

"சொல்லு கெடைக்கணும்."

"என்ன சொல்லு?"

விளக்கினேன். "படிச்ச புள்ளைகளுக்கு இதான் வேலையா?" என்றாள். அப்பா தறிக்குப் போகும் வழியில் போனை வாங்கி, "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். போனைக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 30

லோகநாயகி அம்மாளுக்குச் சொற்களில் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. பொருளை வாசித்தால் கேட்பதில்லை. நடுவில் புகுந்து வேறு எதையாவது சொல்கிறார்.

'இறும்பூது: வியப்பு' என்று வாசித்தேன்.

"இதுக்குத்தான் மூணு நாளு சோறு எறங்கல அந்த மனுசனுக்கு. வெண்டைக்காப் புளிக்குழம்பு. அப்படியே இருந்துச்சு."

'உறி' வந்தபோது, "எங்க மாமியார் வீட்டுல இருந்துச்சு, பூனை அதுலதான் தூங்கும்," என்றார்.

மின்விசிறி என் தலைக்கு நேர்மேலே இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து ஓடவில்லை. போடச் சொல்லிக் கேட்கலாம்தான். இன்று லோகநாயகி அம்மாள் தானாகவே எழுந்து சுவிட்சைத் தட்டினார். "வேர்க்குதுன்னு வாயத் திறந்து சொன்னா முத்து உதிந்துருமா?"

பிப்ரவரி 4

க வரிசை. கக்கூஸ் டச்சுச் சொல். விடுதியில் அறைத்தோழி சாந்தலட்சுமியிடம் சொன்னேன். "அப்ப அவங்கள வந்து கழுவச் சொல்லு," என்றாள்.

பிப்ரவரி 6

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது லோகநாயகி அம்மாள் சட்டென்று எழுந்தார். "அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன். நீ பாட்டுக்குப் படி."

அடுப்பில் பால் இல்லை. பால் பாத்திரத்தை நான்தான் சற்று முன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தைத் தனியாக வாசித்தேன். ஒரு சொல் இப்படி இருந்தது:

'கண்டுழல்தல்: தேடிய பொருள் கைக்குக் கிடைத்த பின்னும் கிடைக்காததுபோல் தேடிக்கொண்டிருத்தல். (கண்டு + உழல்.) வட்டார வழக்கு.'

ஐயா வட்டார வழக்கு என்று போட்டால் எந்த வட்டாரம் என்றும் சேர்த்துப் போடுவார். கொங்கு, நாஞ்சில், செட்டிநாடு என்று இருக்கும். இதில் இல்லை. மேலும் அவருடைய சொற்கள் பெரும்பாலும் விலங்கு, தானியம், கருவி, நோய், ஆறு. யாராவது நடிப்பதைப் பற்றி அகராதியில் இதுவரை ஒன்றும் இல்லை.

இதுவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சரிபார்க்காமல் சொல்வது முறையல்ல.

லோகநாயகி அம்மாள் திரும்பி வந்து, "எதாச்சும் கெடச்சுச்சா?" என்றார்.

"இல்லம்மா," என்றேன்.

"சரி, மேல படி."

பிப்ரவரி 9

சரிபார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நூலகத்தில் இருக்கும் பெரிய அகராதிகளில் அந்தச் சொல் இல்லை. ஆனால் எல்லா அகராதியையும் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. இன்னும் சில, பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. நூலகரிடம் சாவி கேட்க வேண்டும். அடுத்த வாரம் கேட்கலாம்.

பிப்ரவரி 10

போனில் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, கண்டுழல்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"திங்கிறதா?"

"இல்ல."

"பெறகு எனக்கென்ன?"

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் வழக்கில் இல்லை என்று குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு ஆளைக் கேட்டால் போதுமா?

பிப்ரவரி 14

ராசையா அண்ணன் சென்னைக்காரர்களின் அகராதியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "பாத்து வை தங்கச்சி. நம்ம புத்தகம்தான், அட்டை மட்டும் வழவழன்னு இருக்கு."

அவர் மாடிக்குப் போனதும் புரட்டினேன். கண்டுழல்தல் இருக்கிறது. பொருளில் ஒரு வார்த்தையை மாற்றியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. 'இச்சொல் பாண்டி நாட்டில் இன்றும் பரவலாக வழங்குகிறது' என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

இதை வைத்து உறுதி என்று சொல்லலாம். ஆனால் பாண்டி நாடு பெரியது. ஒருவேளை எங்காவது உண்மையிலேயே வழங்கினால் ஐயாவின் பெயர் கெடும். அவசரப்படக் கூடாது.

துணி துவைத்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை, இன்று வந்தது.

பிப்ரவரி 20

ச முடிந்து ஞ. ஞ என்ற எழுத்தில் இவ்வளவு சொற்கள் இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஞமலி என்றால் நாய். ஞெண்டு என்றால் நண்டு. ஞிமிறு என்றால் வண்டு.

லோகநாயகி அம்மாள் அவரைக்காயை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் கையில் எதுவும் இல்லாமல்தான் உட்கார்ந்து கேட்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தோம். "தொண்ட வத்திரும்த்தா, ஆறு போதும்," என்று குறைத்துவிட்டார். எனக்குத் தொண்டை வற்றவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

பிப்ரவரி 25

வக்கீல் தனுஷ்கோடி வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர்.

"என்னம்மா, சொல்லு கெடச்சுச்சா?"

"தேடுறோம்," என்றார் லோகநாயகி அம்மாள்.

"ரெண்டு பேரு உக்காந்து ஒரு மாசமாத் தேடுறீங்க. எங்க வீட்டுல தொலஞ்ச மோதிரமே கெடச்சுருச்சு."

என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

அவர் போனதும் லோகநாயகி அம்மாள், "அந்த ஆளுக்குப் பொறுமையே கெடையாது. நீ படி," என்றார்.

மார்ச் 3

இன்று த வரிசையில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லையாம். என் குரல் இப்போது மாடி வரைக்கும் கேட்கிறது என்று ராசையா அண்ணனே சொன்னார்.

இரண்டாம் தடவை வாசித்து முடித்ததும் லோகநாயகி அம்மாள் சொன்னார்: "நாப்பது வருசம் எழுதுனாரு. யாரு யாருக்கோ வாசிச்சுக் காட்டுவாரு. வர்ற புரொபசரு, போற புரொபசரு. நான் காப்பி கொண்டுவந்து வச்சா நிப்பாட்டிருவாரு. நான் படிச்சது அஞ்சாப்புதான."

அடுத்த சொல்லை வாசித்தேன். 'தகர்: ஆட்டுக்கடா.'

"ம்," என்றார்.

மார்ச் 8

அம்மா. ராஜபாளையத்துக்காரர்கள் அவசரப்படுகிறார்களாம். பையனுக்கு வேறு இடமும் பார்க்கிறார்களாம்.

"இன்னும் எத்தன நாளு ஆகும்?"

"ப முடியப்போகுதும்மா. அப்புறம் ம, ய, வ."

"ஏத்தா, கெடைக்கலன்னா விட்டுட்டு வர வேண்டியதுதான?"

"கேசு தோத்துரும்."

"அவங்க கேசுதான?"

ஆமாம் என்றேன்.

நூலகத்தின் பூட்டிய அலமாரிக்கு இன்னும் சாவி கேட்கவில்லை.

மார்ச் 16

முடிந்தது. அகராதியின் கடைசிச் சொல் வௌவுதல். பிறர் பொருளைப் பறித்துக்கொள்ளுதல் என்று பொருள்.

புத்தகத்தை மூடினேன்.

"ஒண்ணும் கெடைக்கல, இல்ல?" என்றார் லோகநாயகி அம்மாள்.

"இல்லம்மா."

"மறுபடி அ-லருந்து வாசிப்பமா?"

"சரிம்மா," என்றேன்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நான்கு நாளில் முழுவதும் வாசிக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அ-விலிருந்து ஆரம்பித்தோம்.

மார்ச் 18

வக்கீல் தன் அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார். போனோம். நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தனுஷ்கோடி அகராதியை எங்கள் முன்னால் போட்டார். "இனிமே உங்கள நம்பிப் பிரயோசனம் இல்ல. நானே ஒண்ணு எடுத்துட்டேன். ஞிமிறு. இதச் சொன்னாப் பல்லு விழுந்துரும். எவனும் பேசிருக்க முடியாது. இதான் பொய்ச்சொல்லுன்னு அபிடவிட் அடிச்சாச்சு. கையெழுத்துப் போடுங்க."

தாளை லோகநாயகி அம்மாள் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

ஞிமிறு சங்கப் பாட்டில் இருக்கிறது. எதிர்த்தரப்பில் தமிழ் தெரிந்த ஒருவர் எழுந்து பாட்டைச் சொன்னால் போதும். வழக்கு தோற்பது ஒரு பக்கம். நாற்பது வருடம் உழைத்தவருக்கு வண்டு தெரியாது, அவர் வீட்டார்க்கும் தெரியாது என்று ஆகிவிடும். சொன்னால் என் வேலை இன்றோடு சரி. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

துண்டுச் சீட்டு எடுக்கப் பையைத் திறந்தேன். சீட்டு இல்லை. லோகநாயகி அம்மாள் பேனாவைக் கையில் எடுத்திருந்தார்.

"அது இல்ல," என்றேன்.

வக்கீல் அலுவலகத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவருடைய குமாஸ்தாகூடத் திரும்பிப் பார்த்தார்.

"பின்ன எது?"

"கண்டுழல்தல்," என்றேன்.

"நூத்திப் பன்னண்டாம் பக்கம்," என்றார் லோகநாயகி அம்மாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

வக்கீல் என்னைப் பார்த்தார். லோகநாயகி அம்மாளைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி வாசித்தார். பொருளையும் வாசித்தார். பிறகு மறுபடி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எப்பக் கெடச்சுது?"

"இப்பத்தான்," என்றார் லோகநாயகி அம்மாள்.

"உனக்கு?"

"இப்பத்தான் சார்."

"ரெண்டு பேருக்கும் இப்பத்தான்."

"ஆமா."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். குமாஸ்தாவிடம், "வேற தாளு எடுப்பா," என்றார்.

மார்ச் 18, சாயங்காலம்

திரும்பி வந்தபின் லோகநாயகி அம்மாள் காப்பி போட்டார். எனக்கு டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்.

கல்யாணமான புதிதில் ஐயா பாதி நாள் ஊர் ஊராகச் சொல் சேகரிக்கப் போய்விடுவாராம். ஒரு நாள் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. இருவரும் தேடியிருக்கிறார்கள். பாய்க்கு அடியில் அது லோகநாயகி அம்மாள் கைக்கு அகப்பட்டுவிட்டது.

"எடுத்து முந்தானைல முடிஞ்சுக்கிட்டேன். முடிஞ்சுக்கிட்டுத் தேடுறேன், தேடுறேன், வீட்டையே பொரட்டிப் போட்டுத் தேடுறேன். பஸ்ஸு போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அன்னைக்கு வீட்டுல இருந்தாரு. கோயிலுக்குப் போனோம்." காப்பியை ஆற்றினார். "அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணும் கேக்கல. புத்தகம் அச்சாகி வந்தன்னைக்கு அந்தப் பக்கத்த மட்டும் காட்டி வாசிச்சாரு. எனக்குன்னு வாசிச்சது அந்த ஒண்ணுதான்."

வட்டார வழக்கு என்று ஐயா போட்டது சரிதான். வட்டாரம் இந்த வீடு.

"மொதல்லயே வக்கீலுகிட்டச் சொல்லிருக்கலாமேம்மா," என்றேன்.

"நீ பிப்ரவரி மாசமே சொல்லிருக்கலாமே?"

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். சொல்லவில்லை.

மார்ச் 19

பெட்டி கட்டினேன். வாளியைச் சாந்தலட்சுமிக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 23

வீடு. ராஜபாளையத்துக்காரர்கள் நேற்று வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு பேசவே மாட்டேங்குதே," என்றார். மாப்பிள்ளை எந்த போன் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். காட்டினேன். பழைய மாடல் என்றார். போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 11

ராசையா அண்ணன் போன் செய்தார். விசாரணை நடந்ததாம். கண்டுழல்தல் பாண்டி நாட்டில் பரவலாக வழங்கும் சொல், அதனால்தான் தாங்களும் சேர்த்தோம் என்று சென்னை வக்கீல் சொல்லியிருக்கிறார். நீதிபதிக்குச் சொந்த ஊர் மேலூர். "ஐம்பத்தெட்டு வருஷமாப் பரவலா இங்கதான் இருக்கேன், நான் கேட்டதில்ல," என்றாராம். மதிய உணவுக்குப் பிறகு சென்னைக்காரர்கள் சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள். புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

"அம்மா ஒன்னை வரச் சொன்னாங்க தங்கச்சி."

"எதுக்குண்ணே?"

"அத எங்கிட்டச் சொல்லுவாங்களா?"

வீட்டில் அம்மாவிடம் மதுரைக்குப் போய்வருகிறேன் என்றேன். "ராஜபாளையத்துலருந்து தகவல் வந்தா?" என்றாள். காத்திருக்கச் சொல் என்றேன். இதை நான்தான் சொன்னேனா என்று அப்பா தறிச்சத்தத்துக்கு நடுவில் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 13

இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். அதற்குத்தான் என்னை வரச் சொன்னார்கள்.

ராசையா அண்ணன் கேட்டார், "பொய்ச்சொல்லத் தூக்கிரலாம்லம்மா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்றார் லோகநாயகி அம்மாள்.

"கோர்ட்டுல நீங்கதான சொன்னீங்க!"

"கோர்ட்டுல ஆயிரம் சொல்லுவாக. அது இருந்த எடத்துல இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா இனிமே அத வச்சு எவனையும் பிடிக்க முடியாது. புதுசா ஒண்ணு வைக்கணும். நீ வை."

"நானா?"

"பின்ன நான் அஞ்சாப்புல படிச்சத வைக்கவா? எது வச்சன்னு யாருகிட்டயும் சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத."

"உங்ககிட்டச் சொன்னா என்னம்மா?"

"தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எனக்கு வாசிச்சுக் காட்ட ஆளு எதுக்கு?"

மெய்ப்புப் பார்க்க வேண்டும், சத்தமாக வாசித்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டாம் பதிப்பு வரும்வரை வேலை என்றார். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். எப்போது வரும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை.

ஏப்ரல் 20

சொல் வைத்தாயிற்று. என்ன சொல் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ராஜபாளையத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தம்மா சோறு போடுதா?" என்றாள்.

ஜூன் 6

மெய்ப்பு. இன்று என் சொல் இருக்கும் பக்கம். குரல் மாறாமல் வாசித்தேன். முன்னும் பின்னும் இருந்த சொற்களையும் அதே வேகத்தில் வாசித்தேன்.

லோகநாயகி அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "எதாச்சும் கெடச்சுச்சா?" என்றார்.

"இல்லம்மா. உங்களுக்கு?"

"எனக்கென்ன தெரியும்," என்றார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்தார். சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.